பிட்ஸ்பர்கில் ஜூலை என்றால் டிராஃப்ட் சண்டை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கும். ஜூன் நடுவில் பெரும்பாலும் முடிந்துவிடும். அட்டவணைப்படி செப்டம்பர் வரை ஆட்டம் உண்டு, டிக்கெட்டும் விற்பார்கள், ஆற்றங்கரை மைதானத்தில் வாணவேடிக்கைகூட நடக்கும். ஆனால் ஊர் அணியான பைரேட்ஸின் ரசிகர் ஜூனிலேயே அந்த வருடத்துக்குக் கணக்கு முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த வேலைக்குப் பெயர் டிராஃப்ட். நாட்டில் எந்த மூலையிலோ பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடிக்கொண்டிருக்கும் பையன்களில் யாரை நம் அணி எடுக்க வேண்டும் என்ற சண்டை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1979-ல். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள், வென்றதைவிடத் தோற்றதே அதிகம். நடுவில் 2013, 14, 15 என்று மூன்று வருடம் வெளிச்சம் வந்தது, போனது. பேஸ்பாலில் அணிகள் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு மேல் வரம்பு கிடையாது. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் வாங்குகிற ஆளை இந்த ஊர் வாங்காது. மலிவாக நல்ல ஆள் கிடைக்க ஒரே வழி, அவன் பிரபலமாகும் முன்பே பிடித்துப் போடுவதுதான்.

நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில் ஊரிலிருந்து நண்பன் போனில் கேட்டான்: "ஐபிஎல் ஏலம் மாதிரியாடா?" இல்லை. ஏலத்தில் யாரிடம் காசு இருக்கிறதோ அவர் கையைத் தூக்கலாம். டிராஃப்டில் வரிசை உண்டு. போன வருடம் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கலும் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 20 சுற்று. இன்னொரு பெரிய வித்தியாசம், ஏலத்தில் எடுத்த ஆள் அடுத்த சீசனிலேயே களத்தில் இறங்குவார். இங்கே எடுக்கப்படும் 18 வயதுப் பையன் சின்ன ஊர் மைனர் லீக் அணிகளில் நாலைந்து வருடம் பஸ்ஸில் அலைந்த பிறகு வரலாம். வராமலும் போகலாம். முதல் இடத்தில் எடுக்கப்பட்டு, உச்ச லீக்கான மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்துகூட ஆடாதவர்கள் இருக்கிறார்கள். 1966-ல் மெட்ஸ் அணி ஸ்டீவ் சில்காட்டை முதலாவதாக எடுத்தது. அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. இரண்டாவதாகப் போனவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ரெஜி ஜாக்சன்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். எடுக்கப்பட்ட பையன் "வேண்டாம்" என்று சொல்லலாம். பள்ளி முடித்தவனுக்குக் கல்லூரி ஸ்காலர்ஷிப் காத்திருக்கும். கையெழுத்துப் போட அணி தரும் போனஸ் போதவில்லை என்றால் கல்லூரிக்குப் போய்விடுவான். ஆகவே யார் நல்ல ஆட்டக்காரன் என்பதோடு யார் எவ்வளவுக்குக் கையெழுத்துப் போடுவான் என்பதும் சேர்ந்துதான் கேள்வி. பிட்ஸ்பர்க் சண்டையின் வேர் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் இந்தச் சண்டைக்கு இரண்டு நிரந்தர வக்கீல்கள். ஒருவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் பெரியவர், பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ க்ளமெண்டே ஆடியதைச் சிறுவனாகப் பார்த்தவர். இன்னொருவர் முப்பது வயதுக்குள் இருக்கும் டேட்டா ஆள். மே மாதமே அவருடைய எக்செல் தாள் தயார். இருநூறு பையன்களின் பெயர், வயது, உயரம், பள்ளி, எந்தக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், எல்லாம் அதில் இருக்கும். வயதை மாதக் கணக்கில் போட்டிருப்பார். ஏன் என்று கேட்டால், 17 வயதில் இப்படி அடிப்பவன் வேறு, 19-ஐத் தொடப்போகும்போது இதையே அடிப்பவன் வேறு என்பார். அது நியாயமான வாதம்தான். பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் ட்ரவுட்டுக்கு, எடுக்கப்பட்டபோது வயது 17. நியூஜெர்சியில் மில்வில் என்ற ஊர். வசந்தம் வந்தும் குளிர் விடாது, வெயில் மாநிலப் பையன்கள் ஆடுகிற அளவு ஆட்டம் கிடைக்காது. 2009-ல் 24 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகே அவர் பெயர் வந்தது. எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே அதற்கு முந்தைய இடத்தில் வேறொருவரை எடுத்திருந்தது.

சரி, இவர்கள் அந்தப் பையன்களைப் பார்த்திருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. வீடியோதான். வலை கட்டிய கூண்டுக்குள் ஒரு பையன் நிற்பான். முகம் சரியாகத் தெரியாது. யாரோ பந்தை மெதுவாகப் போடுவார், மட்டை சுழலும், அலுமினிய மட்டையின் "டிங்" கேட்கும், போன் பிடித்திருக்கும் அப்பாவின் மூச்சு கேட்கும். நாற்பது நொடி. அதை மெதுவாக ஓட்டி, முன்கால் எப்போது தரையில் படுகிறது, இடுப்பு தோளுக்கு முன்னால் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு தீர்ப்பு: "பந்து உள்ளே வந்தால் இவன் திணறுவான்." அந்த "டிங்" வேறு ஒரு தனித் தகராறு. பள்ளியிலும் கல்லூரியிலும் அலுமினியம், தொழில்முறை ஆட்டத்தில் மரம். மரத்தில் பந்து சரியான இடத்தில் படவில்லை என்றால் மட்டையே உடையும். அதனால் கல்லூரிப் பையன்கள் கோடை விடுமுறையில் மர மட்டையோடு ஆடும் கேப் காட் லீக் எண்களை டேட்டா ஆள் வேதமாக எடுத்துக்கொள்வார்.

அப்புறம் அந்த 20-லிருந்து 80 வரையிலான மதிப்பெண். அணிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பையன்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள் ஒரு பேட்டரை ஐந்து விஷயத்தில் அளப்பார்கள்: பந்தைத் தொடும் திறமை, தூரம் அடிக்கும் பலம், ஓட்டம், எறியும் கை, பிடிப்பது. மேஜர் லீக் சராசரி 50. அதற்கு மேல் ஒவ்வொரு பத்தும் பெரிய படி. இது ஸ்கவுட்டுகளின் பாஷையாக இருந்தது. இப்போது சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே "அவன் கை 60, ஆனால் அடி 45-தான்" என்று பேசுகிறார்கள். பெரியவர் ஒருநாள் பொறுமை இழந்து, "எனக்கு 80 எப்படி இருக்கும் என்று தெரியும். வலது மூலையிலிருந்து க்ளமெண்டே எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். உன் தாளில் இருக்கும் 80 எல்லாம் 55" என்றார். அன்றைக்கு டேட்டா ஆளிடம் பதில் இல்லை.

ஆனால் பெரியவரின் உண்மையான ஆயுதம் க்ளமெண்டே அல்ல. 2002, 2007 என்ற இரண்டு வருடங்கள். எந்தப் பையனைப் பற்றிப் பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்.

2002-ல் பைரேட்ஸுக்கு முதல் இடம். எடுத்தது பிரையன் புல்லிங்டன் என்ற கல்லூரி பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை. அதே டிராஃப்டில் பிறகு போய்ப் பெயர் எடுத்தவர்கள்: பி.ஜே. அப்டன், ஸாக் க்ரெயின்கீ, பிரின்ஸ் ஃபீல்டர், கோல் ஹேமல்ஸ், மேட் கெய்ன். புல்லிங்டன் பைரேட்ஸுக்காக ஆடியது ஆறே ஆட்டம். அதையாவது கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம். 2007-ஐ இந்த ஊர் விடாது. நாலாவது இடம் கையில். ஜார்ஜியா டெக் கல்லூரியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) மேட் வீட்டர்ஸ் காலியாக இருக்கிறார்; அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி பேட்டர் என்று அநேகமாக எல்லோரும் சொன்னவர். அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ், அதாவது கேட்கும் தொகை பெரிது. பைரேட்ஸ் அவரை விட்டுவிட்டு டேனியல் மாஸ்கோஸ் என்ற க்ளெம்ஸன் கல்லூரியின் இடதுகை பிட்சரை எடுத்தது. கல்லூரியில் பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸ்களில் வந்து வீசியவர். அடுத்த நிமிடமே பால்டிமோர் வீட்டர்ஸை எடுத்து 60 லட்சம் டாலர் கொடுத்தது.

அன்றைக்கு இங்கே எழுந்த கோபத்தை இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். அந்த ஜூன் கடைசியில் ஒரு ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ரசிகர்கள் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். டிராஃப்ட் மட்டுமே காரணம் இல்லை, பல வருடப் புழுக்கம். செப்டம்பரில் பொது மேலாளர் வேலை இழந்தார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டர்ஸ் ஜாம்பவான் ஆகவில்லை. நல்ல கேட்சர், நாலு முறை ஆல்ஸ்டார், அவ்வளவுதான். அந்த டிராஃப்டின் பெரிய பரிசு பத்தாவது இடத்தில் போன மேடிசன் பம்கார்னர். அவருக்காக அன்று பிட்ஸ்பர்கில் யாரும் சட்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் ரசிகர் கோபம் தப்பா? தப்பில்லை என்பதுதான் என் கட்சி. பதினெட்டு, இருபது வயதுப் பையன் பின்னால் என்ன ஆவான் என்று ஸ்கவுட்டுக்கும் தெரியாது, ரசிகனுக்கும் தெரியாது. ஆனால் அன்றைய தேதியில் கையில் இருந்த தகவலை வைத்து ஒரு முடிவு நியாயமாக எடுக்கப்பட்டதா, காசுக்குப் பயந்து எடுக்கப்பட்டதா என்பதை அன்றே சொல்லிவிடலாம். 2007 முடிவு அன்றே தப்பு. மாஸ்கோஸ் பின்னால் என்ன ஆகியிருந்தாலும் தப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2001-ல் மினசோட்டா ட்வின்ஸுக்கு முதல் இடம். நாடே மார்க் ப்ரயரைச் சொன்னது; அதுவரை வந்த கல்லூரி பிட்சர்களிலேயே சிறந்தவர் என்று பலரும் எழுதினார்கள். ட்வின்ஸ் எடுத்தது உள்ளூர்ப் பள்ளிக் கேட்சர் ஜோ மாவரை. கஞ்சத்தனம், உள்ளூர்ப் பாசம் என்று திட்டு விழுந்தது. 2003-ல் ப்ரயர் சிகாகோ கப்ஸுக்காக 18 ஆட்டம் வென்று 245 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தபோது திட்டியவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். 2006-க்குப் பிறகு காயங்களால் ப்ரயர் மேஜர் லீக்கில் வீசவே இல்லை. மாவர் மூன்று முறை பேட்டிங் சாம்பியன், 2009-ல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், 2024-ல் ஹால் ஆஃப் ஃபேம். இதே டிராஃப்டுக்கு 2003-ல் ஒரு தீர்ப்பு, 2009-ல் வேறு தீர்ப்பு. டேட்டா ஆள் இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியவர், "மினசோட்டாக்காரனுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது, நமக்கு இல்லை" என்று முடித்துவிடுவார்.

இப்போது காசு விஷயம். 2011 வரை டிராஃப்டில் எவ்வளவு வேண்டுமானாலும் போனஸ் கொடுக்கலாம். 2007-க்குப் பிறகு வந்த புது நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டது. 2011-ல் கெரிட் கோலுக்கு 80 லட்சம் டாலர். "நான் டெக்சஸ் பல்கலைக்கழகம்தான் போகிறேன், என்னை எடுக்காதீர்கள்" என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்த ஜாஷ் பெல்லை இரண்டாம் சுற்றில் எடுத்து, 50 லட்சத்தை நீட்டி மனதை மாற்றியது. மொத்தம் 1.7 கோடி டாலர், அதுவரை யாரும் டிராஃப்டில் அவ்வளவு செலவழித்ததில்லை. கஞ்ச அணி என்று பெயர் எடுத்தவர்கள் ஒருவழியாகக் காசை அவிழ்த்தார்கள். அடுத்த வருடமே லீக் கதவைச் சாத்தியது. 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மொத்தத் தொகை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு, அவற்றின் கூட்டல் அந்த அணியின் பை. பையை 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் வருங்கால முதல் சுற்று உரிமை போய்விடும்.

விதி மாறியதும் சாமர்த்தியமும் மாறியது. முதல் இடத்தில் கொஞ்சம் குறைவாக வாங்கச் சம்மதிக்கும் ஆளை எடுத்து, மிச்சத்தைப் பின்னால் வரும் விலை அதிகமான பள்ளிப் பையன்களுக்குக் கொடுக்கலாம். ஹூஸ்டன் 2012-ல் கார்லோஸ் கொரேயாவை அப்படித்தான் எடுத்தது. மிச்சத்தில் வந்தவர் லான்ஸ் மெக்கல்லர்ஸ். இருவரும் சேர்ந்து 2017-ல் கோப்பை வென்றார்கள்.

2021-ல் பைரேட்ஸ் இதையே செய்தது. பிட்ஸ்பர்க் அதை வேறு மாதிரி படித்தது.

அந்த வருடப் பேச்சில் எங்கள் இந்திய ஆட்களும் கலந்துகொண்டார்கள் என்பது தனிக் கதை. ஒரு வருடம் முன்பிருந்தே முதல் இடத்துக்கு அடிபட்ட பெயர் குமார் ராக்கர். வாண்டர்பில்ட் கல்லூரி பிட்சர், அம்மா இந்திய வம்சாவளி. 2019-ல் டியூக் கல்லூரிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக் அவுட்டுடன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தவர். பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் கேன்டீனில் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக்கா நாலா என்று சந்தேகம் உள்ளவர், "குமாரை எடுக்காவிட்டால் இந்த டீம் உருப்படாதுப்பா" என்று என்னிடம் சொன்னார். எடுக்கவில்லை. வேகம் சில ஆட்டங்களில் இறங்கியது, பெயரும் இறங்கியது. பத்தாவதாக மெட்ஸ் எடுத்தது, மருத்துவச் சோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த வருடம் டெக்சஸ் மூன்றாவதாக எடுத்தது. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் வந்தார்.

பைரேட்ஸ் எடுத்தது லூயிவில் கல்லூரிக் கேட்சர் ஹென்றி டேவிஸை. அந்த இடத்தின் மதிப்பு 84 லட்சம் டாலர், அவருக்குக் கொடுத்தது 65 லட்சம். மார்செலோ மேயர் என்ற கலிஃபோர்னியா ஷார்ட்ஸ்டாப்தான் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று தடுப்பவர்) முதல் என்று பலர் வரிசைப்படுத்தியிருந்தார்கள். அவர் நாலாவதாக பாஸ்டனுக்குப் போனார். சாப்பாட்டு அறை பொங்கியது. "2007 திரும்ப வந்துவிட்டது" என்றார் பெரியவர். 2009-ஐயும் இழுத்தார்: அப்போதும் நாலாவது இடத்தில் டோனி சாஞ்செஸ் என்ற கேட்சரைக் குறைந்த தொகைக்கு எடுத்து, மிச்சத்தைப் பள்ளிப் பிட்சர்களுக்குப் பிரித்தார்கள், அவர்களில் எவரும் பெயர் எடுக்கவில்லை, அதே டிராஃப்டில்தான் ட்ரவுட் சும்மா கிடந்தார்.

வலுவான வாதம். ஆனால் இந்த முறை நான் டேட்டா ஆள் பக்கம். 2007-ல் மிச்சமான காசு உரிமையாளர் பைக்குப் போனது. 2021-ல் மிச்சமான காசு மூன்றாம் சுற்றில் பப்பா சாண்ட்லரிடம் போனது. ஜார்ஜியாப் பையன், க்ளெம்ஸனில் அமெரிக்கன் ஃபுட்பால் குவார்ட்டர்பேக்காகவும் ஆட வாக்குக் கொடுத்திருந்தவர். 30 லட்சம் டாலர் நீட்டியதால் ஃபுட்பாலை விட்டார். 2025 ஆகஸ்டில் வந்து முதல் ஆட்டத்திலேயே கடைசி நாலு இன்னிங்ஸை ஒரு ஓட்டம் கொடுக்காமல் வீசி முடித்தார். டேவிஸ்? பிடிப்பதில் தேறிவிட்டார், மட்டை இன்னும் பேசவில்லை. அது பேசாமலே போனாலும் 2021 முடிவு அன்றைக்கு நியாயமான முடிவுதான். பெரியவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். இருபது வருடம் ஏமாந்தவரிடம் "இந்த முறை கணக்கு சரி" என்றால் நம்பத்தான் எப்படி முடியும்? அணியை நம்பலாமா என்ற கேள்விக்கு எக்செல் தாளில் இடமில்லை.

2023-ல் குலுக்கலில் மறுபடி முதல் இடம். இந்த முறை வேறு மாதிரி சண்டை, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே கல்லூரி. எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட்) அணியின் பிட்சர் பால் ஸ்கீன்ஸ், அதே அணியின் அவுட்ஃபீல்டர் டிலன் க்ரூஸ். மணிக்கு 100 மைல் வேகத்தை ஆட்டம் முழுக்க வீசும் ஸ்கீன்ஸ் அந்த சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். க்ரூஸ் அந்த வருடத்தின் சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருதை வாங்கினார். க்ரூஸ் கட்சியின் வாதம் எளிது: பிட்சர் முழங்கை எப்போது வேண்டுமானாலும் போகும், பேட்டர் தினமும் ஆடுவான். அதைவிடக் கூர்மையான இன்னொரு வாதம் இருந்தது. "கோலை எடுத்தோம், வளர்க்கத் தெரியவில்லை, ஹூஸ்டனுக்கு விற்றோம், அங்கே போய்ப் பெரிய ஆள் ஆனார். இன்னொரு பிட்சர் க்ளாஸ்னோவும் வேறு ஊருக்குப் போய் அப்படியே. இவனையும் கெடுக்கவா?" ஸ்கீன்ஸை வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் அவரைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் இல்லை. அவர்களில் பாதிப்பேர் சந்தேகப்பட்டது தங்கள் அணியை.

எடுத்தார்கள். ஸ்கீன்ஸுக்கு 92 லட்சம் டாலர், அந்த இடத்தின் மதிப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 2024 மே மாதம் வந்தார், அந்த வருடச் சிறந்த புதுமுகம், 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, அதுவும் ஒருமனதாக. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டது 1.97 ஓட்டம். அந்த சீசனில் அவருடைய வெற்றி 10, தோல்வியும் 10. உலகின் சிறந்த பிட்சர் வீசும் நாளில்கூட இரண்டு ஓட்டம் எடுத்துக் கொடுக்க இந்த அணிக்கு ஆள் இல்லை.

அதனால்தான் 2025 ஜூலையில் நானும் சண்டையில் இறங்கினேன். ஆறாவது இடம். ஆரெகன் ஸ்டேட் கல்லூரி ஷார்ட்ஸ்டாப் ஐவா ஆர்கெட் காலியாக இருந்தார். பைரேட்ஸ் எடுத்தது செத் ஹெர்னாண்டஸை, கலிஃபோர்னியாவின் பள்ளி மாணவர், வலதுகை பிட்சர். டிராஃப்ட் தொடங்கிய 1965 முதல் இன்றுவரை எந்த அணியும் முதல் இடத்தில் ஒரு பள்ளி வலதுகை பிட்சரை எடுக்கத் துணிந்ததில்லை. அந்த அளவுக்கு ஆபத்தான வகை. மறுநாள் சாப்பாட்டு அறையில், அடிக்க ஆள் இல்லாத ஊரில் இன்னொரு பிட்சர் எதற்கு என்று கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக இரண்டு வக்கீல்களும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பேஸ்பாலில் தேவையைப் பார்த்து எடுக்கவே கூடாது, பையன் வரும்போது தேவை மாறியிருக்கும் என்றார் டேட்டா ஆள்.

"2029-ல் நம்மிடம் அடிக்க ஆள் இருக்குமா இல்லையா என்று உனக்கு இப்போதே தெரியுமா?" என்றார் பெரியவர்.

இருக்காது என்றேன். அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.